செல்லாத கையெழுத்து

ஜெயமாலா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று மாலையிலிருந்து, கிள்ளான் கோபாலனின் கண்ணுக்கு அவளும் தெரியவில்லை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருந்த பதினாறாம் எண் வீடும் தெரியவில்லை. மற்ற எல்லோருக்கும் இரண்டும் தெரிந்தன. தபால்காரர் வந்தார், பால்காரர் வந்தார், மின்சார மீட்டர் பார்க்க வந்த மலாய்க்காரர் செம்பருத்திச் செடியை ஒதுக்கிக் குறித்துக்கொண்டு போனார். கோபாலன் மட்டும் சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, பதினான்காம் எண் வீட்டை ஒட்டிப் பதினெட்டாம் எண் வீடு நிற்பதைப் பார்த்துவிட்டு, எங்கோ எண்ணுவதில் தப்பு செய்துவிட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து நடந்து வந்தான். இது 1984 ஆகஸ்ட் மாதம் நடந்தது. அந்த வாரம் நல்ல மழை.

வீட்டைக் கட்டியவர் ஜெயமாலாவின் அப்பா சிவசம்பு. சுன்னாகத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு வேலைக்கு வந்த ஒருவரின் மகன். அவரும் ரயில்வேயில் சேர்ந்து தலைமை கிளார்க் ஆனவர். மனிதர்களின் வாய்ச்சொல்லில் அவருக்கு நம்பிக்கை இல்லை, காகிதத்தில் இருந்தது. வேலியைத் தாண்டி விழும் மாம்பழம் யாருக்கு என்று பக்கத்து வீட்டுப் பூமணியோடு முத்திரை ஒட்டி ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்த ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்ட காலையில், அவர்களுக்குத் தெரியாமலே, முந்தின இரவுக் காற்றில் மரம் சாய்ந்து கிடந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு பதினோரு வருஷம், பருவம் தவறாமல், மரமே இல்லாத அந்த மூலையில் மாம்பழம் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒப்பந்தப்படி மூன்றில் ஒரு பங்கு பூமணி வீட்டுக்குப் போனது. பழம் கொஞ்சம் நாரோடு இருக்கும், ஊறுகாய்க்கு நல்லது.

ஜெயமாலாவின் அம்மா அவளுடைய பதினான்காம் வயதில் காலமானார். அதன் பிறகு வீட்டில் சமையல் அவள், தம்பி நிர்மலனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவள், பள்ளிப் படிப்பு முடிந்ததும் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனதும் அவள். இருபத்திரண்டாம் வயதில் எட்டு மாதத்துக்கு அவளைக் கிள்ளான் துறைமுகத்து அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பண்டமாரானிலிருந்து சைக்கிளில் வந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த கோபாலனை அங்கேதான் பார்த்தாள். அவனுடைய லைசென்ஸில் பெயரின் எழுத்துகள் தப்பாக இருந்தன. திருத்திக் கொடுத்தாள். மறுபடியும் தப்பு என்று வந்தான், மறுபடியும் திருத்தினாள். மூன்றாம் முறை வந்தபோது பெயர் சரியாகத்தான் இருந்தது. அவளும் அதை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்க என்று சொன்னாள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. எஸ்டேட்டில் பிறந்தவன், கிரேன் ஓட்டுகிறவன் என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் தள்ளி வைத்தார். ஒன்பது நாள் வெறும் தேத்தண்ணீரோடு அலுவலகம் போய் வந்தார். ஒன்பதாம் நாள் படியேறும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஜெயமாலா எக்காலத்திலும் எவரையும் மணந்துகொள்வதில்லை. சிவசம்பு நிர்மலனை மருத்துவம் படிக்க வைப்பார். தமக்குப் பின் பதினாறாம் எண் வீடு ஜெயமாலாவைச் சேரும். மூன்று ஷரத்துகள், இரண்டு பிரதிகள், கோயில் நிர்வாகத்திலிருந்து இரண்டு சாட்சிகள். அவள் பேனாவைத் திறந்ததும் சிவசம்பு கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாசிச்சுப் பாத்திட்டு வை, பிள்ளை. வாசிக்காமல் ஒண்டுக்கும் கையொப்பம் வைக்கக் கூடாது."

அவள் வாசித்தாள். ஒரு இடத்தில் தட்டச்சுப் பிழை இருந்தது, அதைச் சொன்னாள். அவர் நன்றி சொல்லித் திருத்தினார். அதன் கீழே அவள் கையெழுத்திட்டாள். அன்று மத்தியானம் சிவசம்பு சோறு சாப்பிட்டார்.

கோபாலன் முதலில் நேரில் பேசிப் பார்க்கலாம் என்றுதான் வந்தான். வீடு கிடைக்கவில்லை என்றதும், மாற்றல் முடிந்து கோலாலம்பூருக்குத் திரும்பியிருந்த அவளுடைய அலுவலக வாசலில் போய் நின்றான். ஐந்து மணிக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். ஜெயமாலா அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். அவன் அவளைத் தாண்டிப் பார்த்து, அவளோடு வேலை செய்யும் சந்திரகலாவிடம், ஜெயமாலா இன்னிக்கு லீவா அக்கா என்று கேட்டான். சந்திரகலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்களுக்குள் ஏதோ சண்டை என்று பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். ஜெயமாலா அவனுடைய சட்டைக் கையில் விரலை வைத்தாள். எறும்பு ஊர்ந்தால் தட்டிவிடுவதுபோல அவன் தட்டிவிட்டான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றும் அவனுக்கு வெள்ளைத்தாளாகவே போய்ச் சேர்ந்தன. கவரின் மேலிருந்த முகவரி மட்டும் சரியாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இருந்தது. அந்த எழுத்து யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

ஏழு வருஷம் அவன் வந்தான். லீவு கிடைக்கும் நாட்களில் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்து, சந்தில் ஒரு நடை நடந்து, முனைக்கடையில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போவான். ஜெயமாலா ஜன்னலில் நின்று பார்ப்பாள். முதலில் சில மாதம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கையெழுத்துப் போட்டவள் தான்தானே என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. எட்டாம் வருஷம் அவனுடைய அம்மா பார்த்து வைத்த சீதாலெட்சுமியைக் கட்டிக்கொண்டான். குமுதா என்று ஒரு மகள் பிறந்தாள். சீதாலெட்சுமியிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்க பிரிக்பீல்ட்ஸ் வந்தபோது, அந்தச் சந்தைக் காட்டுங்க, பார்க்கணும் என்று அவளேதான் கேட்டாள். போனார்கள். சீதாலெட்சுமி நின்றாள்.

"இந்தா இருக்குல்ல வீடு. பச்சை கேட்டு. அந்த அக்கா துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காங்க பாருங்க."

கோபாலன் அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். இரண்டு வீட்டுச் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு உள்ளேயிருந்து ஜெயமாலாவும் வெளியேயிருந்து சீதாலெட்சுமியும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். சீதாலெட்சுமி தலையசைத்தாள், ஜெயமாலாவும் தலையசைத்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் கோபாலன் ஒரே ஒரு கேள்வி கேட்டார், எப்படி இருக்காங்க என்று. நல்லா இருக்காங்க, கொஞ்சம் மெலிவு என்றாள் சீதாலெட்சுமி.

அதற்குப் பின் வந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிர்மலன் வெளிநாட்டில் மருத்துவம் படித்து, இதய நோய் மருத்துவராகத் திரும்பி, பங்சாரில் கிளினிக் வைத்தான். படிப்புக்கு மாதாமாதம் போனது ஜெயமாலாவின் சம்பளம்தான். ஒப்பந்தத்தில் அது எழுதப்படவில்லை. ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் மைதானம் இருந்த இடத்தில் பெரிய ஸ்டேஷன் வந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸை இடித்தார்கள், தூங்குமூஞ்சி மரங்களை வெட்டினார்கள், கட்டடங்கள் உயர்ந்து மத்தியான வெயில் சந்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி வர ஆரம்பித்தது. சிவசம்பு 2006இல் தூக்கத்திலேயே இறந்தார். எழுபத்தைந்து தாண்டியும் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர். காரியம் முடிந்த வாரத்தில் ஜெயமாலா அந்தத் தாளை எடுத்து மறுபடி வாசித்தாள். அப்பா இருக்கும் வரை என்று அதில் இல்லை, எக்காலத்திலும் என்று இருந்தது. மடித்து வைத்துவிட்டாள். சீதாலெட்சுமி இறந்த செய்தி 2019இல் யார் மூலமோ வந்தபோது, கோயிலுக்குப் போய் அவள் பெயரில் ஒரு விளக்கேற்றினாள்.

போன வருஷம், ஓய்வு பெற்று நிறைய நாள் ஆனபின், உயில் எழுதலாம் என்று அப்பாவின் கோப்பைத் தூக்கிக்கொண்டு வக்கீல் நஸ்ரினிடம் போனாள். நஸ்ரினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பினாங்கில் வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அவளுடைய அலுவலகம். கோப்பைத் திறந்தவளுக்கு வேலை ஓடவில்லை. சிவசம்பு எல்லோரோடும் ஒப்பந்தம் போட்டிருந்தார். பதினொரு வயது நிர்மலனோடு, கணக்கில் முதலாவதாக வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று ஒன்று. சின்னப் பையன் கையெழுத்து, செல்லாது என்றாள் நஸ்ரின். மாமரத்துக்குப் போட்டது ஒன்று. மரமே விழுந்தபின் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் தெரியாது, அதுவும் செல்லாது. ஒரு பந்து விளையாட்டில் யார் ஜெயிப்பார்கள் என்று அலுவலக நண்பரோடு போட்டது ஒன்று. அது பந்தயம், செல்லாது. தகுந்த நேரத்தில் தகுந்ததைச் செய்வது என்று ஒரு உறவினரோடு போட்டது ஒன்று. என்ன செய்வது, எப்போது செய்வது என்று யாருக்கும் விளங்காது, ஆகவே செல்லாது. ஜெயமாலா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா அந்த முகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்தது கண் முன்னால் வந்தது. அடுத்த தாளை எடுத்த நஸ்ரின் சிரிப்பதை நிறுத்தினாள்.

அவள் கேட்கக் கேட்க ஜெயமாலா ஒன்பது நாளையும் சொன்னாள். நஸ்ரின் பேனாவை மூடி வைத்தாள். பெத்தவர் என்கிற பிடியை வைத்து மனசை வளைத்து வாங்கின கையெழுத்து இது, இந்த மாதிரி ஒப்பந்தத்தை நீங்கள் நினைத்தால் முறிக்கலாம், முறிக்காத வரைக்கும் அது செல்லும், அந்த உரிமை உங்கள் கையில்தான் என்று விளக்கினாள். பிறகு முதல் ஷரத்தைத் திரும்ப வாசித்துவிட்டு, தலையை ஆட்டினாள்.

"இல்ல ஆன்டி, அவ்வளவு தூரம் போகவே வேணாம். பதினெட்டு வயசு தாண்டின ஒருத்தர் கல்யாணமே பண்ணிக்கக் கூடாதுன்னு போடற ஒப்பந்தம் ஆரம்பத்துலயே செல்லாது. இருபத்தேழாம் பிரிவு. நீங்க முறிக்கவும் வேணாம், கோர்ட்டுக்குப் போகவும் வேணாம்லா. சட்டத்துக்கு இப்படி ஒண்ணு இருந்ததே இல்ல."

ஜெயமாலா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல சொன்னதே இருக்கட்டும், பிள்ளை. நான் நினைச்சிருந்தா முறிச்சிருக்கலாம், முறிக்கேல்லை எண்டு இருக்கட்டும். இல்லவே இல்லாத ஒண்டுக்கா நான் நாப்பது வருஷம் கட்டுப்பட்டு இருந்தனான்?"

நஸ்ரின் எழுந்தாள். கீழே போய் இரண்டு தேத்தண்ணீர் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். உயிலைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அன்றிலிருந்து நான்கு நாள் ஜெயமாலா அப்பாவின் படத்துக்குப் பூ வைக்கவில்லை. ஐந்தாம் நாள் வைத்தாள். கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. ஒரு தாளை இத்தனை வருஷம் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தோமே, ஒரே ஒரு தடவை யாரிடமாவது நீட்டியிருக்கலாமே என்று தன் மேலும் இருந்தது. செல்லாது என்று யாரும் சொல்லாததால், அந்த ஒப்பந்தம் தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஆறாம் நாள் காலை பத்து மணிவாக்கில் அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கோபாலன் அன்று கிள்ளானிலிருந்து ரயிலேறி ரவாங்கில் இருக்கும் மகள் குமுதா வீட்டுக்குப் போகிறவர். பேரனின் பிறந்தநாளுக்கு மாலையும் வாழையிலையும் வாங்கிவரச் சொல்லியிருந்ததால் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கினார். பழக்கத்தில் கால் சந்துக்குள் திரும்பியது. பதினான்காம் எண்ணைத் தாண்டியதும் நின்றார். அறுபத்தேழு வயது, தலை முழுக்க வெள்ளை, கையில் வாழையிலைக் கட்டு.

"இந்த வீடு எப்ப கட்டினாங்க?" என்று கேட்டார்.

"அம்பத்தெட்டில. அப்பா கட்டினவர்" என்றாள் ஜெயமாலா.

அவர் கேட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். நீங்க கொஞ்சம் மெலிஞ்சுதான் இருக்கீங்க, சீத்தா சொன்னது சரிதான் என்றார். அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்தாள். உள்ளே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் சீதாலெட்சுமியைப் பற்றித்தான் பேசினார்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று அவர் கேட்டார், அவள் சொன்னாள். மூன்றையும் வரிசையாக, மறக்காமல் சொன்னாள். வாழையிலை பிந்தித்தான் ரவாங் போய்ச் சேர்ந்தது. ஏன் தாமதம் என்று கேட்ட குமுதாவிடம் கோபாலன் காரணத்தைச் சொன்னபோது, அவள் கொஞ்சம் யோசித்து, அம்மா எனக்குச் சொல்லியிருக்கு அப்பா, பச்சை கேட்டுதானே என்றாள். மூன்று மாதம் கழித்துப் பதிவுத் திருமணம் நடந்தபோது குமுதா ஒரு சாட்சி, நஸ்ரின் ஒரு சாட்சி. ஜெயமாலா கையெழுத்திடுமுன் தாளை முழுக்க வாசித்தாள். பதிவு அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார்.

திருமணம் முடிந்த முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமை வரவில்லை. பதினாறாம் எண் வீட்டில் மட்டும் வேறொரு நாள் வந்தது. ஜெயமாலா ஜன்னலைத் திறந்தபோது கட்டடங்கள் இல்லை, வெயில் நேரத்துக்கு வந்திருந்தது. ரயில் பெட்டிகள் மோதிக் கோக்கும் சத்தம் கேட்டது. குவார்ட்டர்ஸ் வரிசையில் யாரோ தாளிக்கிற வாசனை, தூங்குமூஞ்சி மரத்தடியில் மாடு. நாள்காட்டியில் 1985 ஜனவரி என்று இருந்தது. கோபாலன் வெளியே போய், முனைக்கடையில் இரண்டு தே தாரிக் கட்டி வாங்கி வந்தார். கடைக்காரர் புதுக் காசை வாங்க மறுத்து, அடுத்த தரம் கொடுங்க அங்கிள் என்றாராம். இருவருக்கும் வயது குறையவில்லை, முழங்கால் வலியும் அப்படியேதான் இருந்தது. ஆனால் நாள் முழுசாக இருந்தது. அதில் யாரும் அவர்களைத் தேடவில்லை. பொழுது சாய்கிறபோது சந்தில் நடந்தார்கள், சிறுசாக ஒரு மழை பெய்து விட்டது. மறுநாள் விடிந்தால் திங்கட்கிழமை, இந்த வருஷம், மோனோரயில் சத்தம். அடுத்த வாரமும் அப்படியே வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. வாரத்துக்கு எட்டு நாள் என்பது பழகிப்போய், ஜெயமாலா அரிசி அதற்குத் தக்கபடி வாங்க ஆரம்பித்தாள்.

பங்சாரில் நிர்மலன் சனிக்கிழமை இரவு படுத்தால் திங்கட்கிழமை காலைதான் எழுந்தார். முதல் வாரம் அவருடைய மனைவி வசுந்தரா பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தலையையும் நெஞ்சையும் ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சுத்தமாக இருந்தது. நான்காவது வாரம் அவர் அக்கா வீட்டுக்கு வந்து, கோபாலனுக்கு வணக்கம் சொல்லி, உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஜெயமாலாவும் கோபாலனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்கு வருகிற நாளைப் பற்றி அவளும் சொன்னாள். நிர்மலன் அங்கிருந்தே நஸ்ரினைப் போனில் கூப்பிட்டார். நஸ்ரின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அறுபத்தாறாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, ஒப்பந்தம் செல்லாது என்று தெரிய வந்தால், அதனால் நன்மை அடைந்தவர், இங்கே படித்து டாக்டரான நீங்கள், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் நாட்களையே திருப்பிக் கொடுத்ததாக இதுவரை எந்த வழக்கிலும் படித்ததில்லை என்றாள்.

ஜெயமாலா உடனே, இது வேண்டாம், நான் எழுதிக் கொடுக்கிறேன், எனக்கு நீ எதுவும் தர வேண்டியதில்லை, நீ அப்போது பதினேழு வயதுப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும் என்றாள். எழுதுவதற்குத் தாள் எடுக்கவும் எழுந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது நிர்மலன் அவளுடைய கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எனக்குத் தெரியும்கா. அடுத்த ரூம்லதான் இருந்தேன். டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. என்ன அடிக்கிறார்னும் தெரியும். நான் வெளிய வரல."

 கோபாலன் எழுந்துபோய்ப் பால் காய்ச்சினார். நிர்மலன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஜெயமாலா சொல்லத் தொடங்கினாள். மரத்தடி மாட்டையும், எதிர் வீட்டு வானொலியையும், முந்தின வாரம் தியேட்டர் வாசலில் நின்ற கூட்டத்தையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தத் தெருவில் பந்து விளையாடியவர் அவர். போகும்போது அவள் ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். தாளும் பேனாவும் மேசையிலேயே கிடந்தன, இரண்டு பேரும் தொடவில்லை.

இப்போது அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. சனிக்கிழமை இரவு நிர்மலன் சீக்கிரம் சாப்பிட்டு, போனை அணைத்து வைத்துவிட்டுப் படுக்கிறார். வசுந்தரா போர்வையைச் சரிசெய்து, மின்விசிறியைக் குறைத்துவிட்டு, காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய் வருகிறாள். பதினாறாம் எண் வீட்டில் ஞாயிறு முடிந்ததும் அந்த நாள் வருகிறது. கடைசியாகக் கேட்டபோது 1985 பிப்ரவரி மாதம் நடந்துகொண்டிருந்தது. பங்சார் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை கேட்டு யாராவது போன் செய்தால், டாக்டருக்கு ஞாயிறு கிடையாது என்று அங்கே இருக்கிற பெண் சொல்கிறாள். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமை இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.